கார்குழலி போட்ட கர்னல்

கார்குழலியைப் பத்தியா? என்கிட்டயா? சார், நீங்க சரியான ரூமுக்குத்தான் வந்திருக்கீங்களா? சிஸ்டம் மேனேஜர் தனுஷ்கோடின்னு வெளியில போர்டு இருக்கே, பார்த்தீங்கல்ல? விசாரிக்கிறதுக்கு அந்தப் பொண்ணு என் பேரையா குடுத்துச்சு? சரி, உக்காருங்க. ஏசி கொஞ்சம் குளிரும். மெஷினுக்காக வச்சது. மனுசனுக்காக இந்த ஆஸ்பத்திரியில எவன் ஏசி வைக்கிறான்.

கோயம்புத்தூர்லேர்ந்து மதுரைக்குக் கல்யாணத்துக்கு வந்த இடத்துல, அப்படியே இதையும் விசாரிச்சிட்டுப் போகலாம்னு வந்திருக்கீங்க. நல்லது. போன்ல கேட்டிருந்தா ரெண்டே வார்த்தையில முடிச்சிருப்பேன். நேர்ல வந்து மாட்டிக்கிட்டீங்க, இனி முழுசாக் கேட்டுட்டுத்தான் போகணும். உங்க கம்பெனி என்ன பண்ணுது? பஸ்ல டிக்கெட் குடுக்கிற மெஷினா? கண்டக்டர் கையில வச்சு அமுக்குவாரே, அதுவா? அதுக்குக் கர்னல் போட ஆள் தேடுறீங்க. அதுக்கு இந்தப் பொண்ணு. ரொம்பப் பொருத்தம்.

உங்களுக்குக் கர்னல்னா என்னன்னு தெரியுமா? தெரியாதா? ஆள் எடுக்கிற பக்கமா நீங்க? சரிதான். தெரியாத ஆளை அனுப்பித்தான் தெரிஞ்ச ஆளைப் பத்தி விசாரிக்கணும், அதுதான இப்ப நடைமுறை. சொல்றேன். மெஷின்ல சுவிட்சைப் போட்டதும் மொதல்ல கண்ணு முழிக்கிறது கர்னல். கீபோர்டு, பிரிண்டர், நெட்வொர்க், நீங்க செருகுற பென் டிரைவ், எல்லாத்தோடயும் பேசுறது அதுதான். ஆனா எது எதோட பேசணும்னு நாமதான் அதுக்கு முன்கூட்டியே சொல்லி வைக்கணும். கர்னலைத் தயார் பண்ணும்போது அது வரிசையாக் கேக்கும். இந்தச் சாமான் வேணுமா, வேணாமா, இல்ல ஓரமா வச்சிருந்து தேவைப்படுறப்பக் கூப்பிட்டுக்கிறியான்னு. ஒண்ணு ரெண்டு இல்ல சார், ஆயிரக்கணக்குல கேக்கும். பல கேள்விக்குக் கீழ அதை எழுதினவனே சொல்லியிருப்பான், சந்தேகமா இருந்தா வேணாம்னு போடுன்னு. என்னா அறிவு பாருங்க. அந்த ஒரு வரிக்காகவே அவனைக் கையெடுத்துக் கும்பிடலாம்.

ஆனா ஊர்ல பாதிப் பேரு என்ன பண்ணுறாய்ங்க தெரியுமா? இன்டர்நெட்ல ரெடிமேடா வர்றதை அப்படியே எடுத்துப் போட்டுடுறாய்ங்க. அதுல எல்லாத்துக்கும் ஆமா சாமி. டிவி பார்க்கிற கார்டு வேணுமா? வேணும். கேம் ஆடுற ஜாய்ஸ்டிக் வேணுமா? வேணும். ஹாம் ரேடியோ வேணுமா? வேணும். ஏன்டா, பிரசவ வார்டுல ஜாய்ஸ்டிக்கை வச்சு என்னடா பண்ணப்போறீங்க? கேட்டா, இருந்துட்டுப் போகட்டும் சார், அது என்ன சோறா கேக்குதும்பான். சோறு கேக்கலங்கிறதுக்காக வீட்டுக்குள்ள குப்பையைச் சேர்ப்பியா?

நான் அந்த ஜாதி இல்ல. இந்த ஆஸ்பத்திரியில இருக்கிற மெஷினெல்லாம் காயலான் கடைக்குப் போக வேண்டியது. புதுசு வாங்குங்கன்னு சொன்னா ஏ.ஓ. சிதம்பரம் என்னைப் பார்த்து சிரிப்பாரு. அவர்தான் இங்க நிர்வாக அதிகாரி. தலைவலி மாத்திரையைக்கூட ரெண்டா உடைச்சு இன்னைக்குப் பாதி, நாளைக்குப் பாதின்னு போடுற மனுசன். அந்தக் கிழட்டு மெஷினை எல்லாம் ஓட வச்சது யாரு? இந்தத் தனுஷ்கோடி. ஒவ்வொரு கேள்வியாப் பார்த்து, வேணாம், வேணாம், வேணாம்னு போட்டு, கர்னலை எலும்பும் தோலுமா ஆக்கி வச்சேன். முன்னாடி நர்சம்மாக்கள் சுவிட்சைப் போட்டுட்டு, கேன்டீன் போய் டீ குடிச்சிட்டு வந்தாலும் வட்டம் சுத்திக்கிட்டே இருக்கும். இப்பப் போட்ட கையை எடுக்கிறதுக்குள்ள வந்துடும். யாராவது ஒரு வார்த்தை நன்றி சொல்லியிருக்காங்களா? டீ குடிக்கப் போக முடியலன்னு வேணா வருத்தப்படுவாங்க.

இந்த லட்சணத்துலதான் அந்தப் பொண்ணு வந்துச்சு. பேரைப் பாருங்க, கார்குழலி. அப்பா சிவகங்கைப் பக்கம் தமிழ் வாத்தியாரு. தலையில முடி என்னவோ கழுத்து வரைக்கும்தான். காண்ட்ராக்ட்ல எடுத்தோம். வந்த ஒரு வாரத்துல என்கிட்ட வந்து நிக்குது. "சார், நம்ம கர்னல்லேர்ந்து நிறைய சாமானுக்கான சப்போர்ட்டை எடுத்துட்டோம். யாரு யாரு என்ன செருகுறாங்கன்னு ஒருதடவை கேட்டுட்டு எடுத்திருக்கலாமே." எப்படி இருக்கும் எனக்கு? நான் இந்த வேலைக்கு வந்தப்ப இந்தப் பொண்ணு பால்வாடியில சத்துருண்டைக்கு அழுதுக்கிட்டிருந்திருக்கும்.

நான் பொறுமையாத்தான் சொன்னேன். "ஏம்மா, ஆளாளுக்குக் கேட்டா ஆளாளுக்கு ஒண்ணு சொல்லுவாய்ங்க. டாக்டர்கிட்டக் கேட்டா செல்போன்ல சினிமா பார்க்கணும்பாரு. கேக்கிறதா வேலை? மெஷின்கிட்டக் கேளு. மெஷின் பொய் சொல்லாது."

மெஷின்கிட்டக் கேக்குறதுன்னா என்னன்னு உங்களுக்கும் சொல்றேன். ஒரு கமாண்டு இருக்கு. அதை அடிச்சா, அந்த நிமிஷம் மெஷின்ல என்னென்ன செருகியிருக்கு, என்னென்ன ஓடிக்கிட்டிருக்குன்னு பார்க்கும். அது மட்டும் போதும்னு வச்சுக்கிட்டு, மிச்சத்தை எல்லாம் வழிச்சு எறிஞ்சிடும். அதுதான் நியாயம். இருக்கிறது இருக்கட்டும், இல்லாதது போகட்டும். இதுக்கு அந்தப் பொண்ணு என்ன சொன்னுச்சு தெரியுமா? "சார், அன்னைக்கு லீவு போட்டவங்க?" அப்படின்னுச்சு. நக்கலைப் பார்த்தீங்களா?

இப்ப ஜெசிந்தா விஷயத்துக்கு வர்றேன். அதைத்தான முக்கியமாக் கேக்குறீங்க. கார்குழலி அனுமதி வாங்காமச் செஞ்ச காரியம் என்னன்னு கேட்டீங்கல்ல, அது இதுதான். வர்றேன்.

ஜெசிந்தா எங்க டெலிபோன் ஆபரேட்டர். வெளியிலேர்ந்து ஆஸ்பத்திரிக்கு யாரு போன் பண்ணினாலும் அந்தம்மாதான் எடுக்கும். ரெண்டு கண்ணும் தெரியாது, பிறவியிலேயே. பழைய போர்டு இருந்தவரைக்கும் பட்டனைத் தடவித் தடவி லைன் குடுத்துக்கிட்டிருந்துச்சு. அப்புறம் அந்த டெலிபோன் எக்ஸ்சேஞ்சை கம்ப்யூட்டராக்கினோம். யாரு கூப்பிடுறாங்க, எந்த வார்டு, எந்த டாக்டர் ட்யூட்டின்னு எல்லாம் ஸ்க்ரீன்ல வரும். கண்ணு தெரியாதவங்க ஸ்க்ரீனை என்ன பண்ணுவாங்க? அதுக்கு அந்தம்மா ஒரு பட்டை வச்சிருக்கு. பிரெய்ல் பட்டை. கீபோர்டுக்கு முன்னாடி வச்சு மெஷின்ல செருகிட்டா, ஸ்க்ரீன்ல வர்ற எழுத்தெல்லாம் அதுல புள்ளி புள்ளியா மேல எழும்பும். விரலை வச்சுப் படிச்சுக்கும். ஏதோ சங்கத்துல குடுத்தாங்களாம். வேலை முடிஞ்சதும் அதை ஒரு துணியில சுத்தி, பையில போட்டு, வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிடும். இங்க வச்சா எலி கடிச்சிடும்னு பயம். எலி இருக்குன்னு ஒத்துக்கிறேன். ஆனா அது எக்ஸ்சேஞ்சுக்கா போகுது, கேன்டீனுக்குத்தான போகும்.

அந்த சமயத்துல நிர்வாகத்துல ஒரு பேச்சு ஓடுச்சு. போன் எடுக்கிற வேலையை மெட்ராஸ்ல ஒரு கம்பெனிகிட்ட விட்டுடலாம்னு. ஜெசிந்தாவை என்ன பண்றது? துணி மடிக்கிற செக்சனுக்கு அனுப்பிடலாம்னு ஏ.ஓ. சொல்லிட்டாரு. பெட்ஷீட் மடிக்க கண்ணு எதுக்குன்னு அவரு கணக்கு. அந்தம்மா நேரா சேர்மன்கிட்டயே போயி நின்னுச்சு. "நான் புது மெஷின்ல வேலை செஞ்சு காட்டுறேன் ஐயா, பக்கத்துல உக்காந்து பாருங்க, சரியில்லைன்னா நானே துணி மடிக்கப் போயிடுறேன்"னுச்சு. சேர்மன் சரின்னுட்டாரு. வர்ற திங்கக்கிழமை காலையில எக்ஸ்சேஞ்சுக்கு வந்து உக்கார்றேன்னுட்டாரு.

சேர்மன் எக்ஸ்சேஞ்சுக்கு வர்றாருன்னா சும்மாவா? அந்த ஒரு மெஷின்தான் நான் இன்னும் கை வைக்காம பாக்கி இருந்துச்சு, அதையும் இளைக்க வச்சு வேகத்தை அவரு கண்ணால பார்க்கட்டுமேன்னு நினைச்சேன். இதுல என்ன தப்பு? ஜெசிந்தா திறமையைப் பார்க்க வர்றாரு, என் திறமையையும் சேர்த்துப் பார்த்தா குறைஞ்சா போயிடுவாரு? அதனால ஞாயித்துக்கிழமை வந்து எக்ஸ்சேஞ்சு மெஷின்ல அந்தக் கமாண்டை அடிச்சேன். ஞாயித்துக்கிழமைதான் தொந்தரவு இல்லாம இருக்கும்.

கார்குழலியும் வந்திருந்துச்சு. பின்னாடி நின்னுக்கிட்டு, "சார், ஜெசிந்தாக்கா சர்ச்சுக்குப் போயிருக்காங்க. அவங்க பட்டை இங்க இல்ல. நாளைக்கு அவங்க வந்து செருகுனதுக்கு அப்புறம் கணக்கெடுப்போம் சார்"னுச்சு.

நான் சொன்னேன், "இந்த ஆஸ்பத்திரி ஒரு ஆளுக்காக நிக்குமா? பட்டை யுஎஸ்பிதான, யுஎஸ்பி இருக்கும்ல? போம்மா."

"யுஎஸ்பி இருக்கும் சார். அதுக்கு மேல அந்தப் பட்டையோட பேசுற டிரைவர் புரோகிராம் தனி. அது போயிடும். பழைய கர்னலையாவது அழிக்காம வச்சிருங்க சார்."

பழசை எதுக்கு வச்சுக்கணும்? புதுசு வாங்கினதும் பிஞ்ச செருப்பை யாராவது பக்கத்துல வச்சுக்கிட்டு நடப்பாங்களா? அழிச்சிட்டேன். நான் வீட்டுக்குக் கிளம்பும்போது அந்தப் பொண்ணு மட்டும் தன் மெஷின் முன்னாடி உக்காந்து எதையோ தட்டிக்கிட்டிருந்துச்சு. சம்பளத்துக்குப் பார்க்கிற வேலை, ஞாயித்துக்கிழமை சாயங்காலம் அப்படி என்ன வேலைன்னு அப்பவே எனக்கு ஒரு இது.

திங்கக்கிழமை சேர்மன் வந்தாரு. ஏ.ஓ. கூட வந்தாரு. ஜெசிந்தா புதுச்சேலை கட்டி, பூ வச்சு வந்திருந்துச்சு. நான் சுவிட்சைப் போட்டேன். போட்டதும் வந்துடுச்சு. சேர்மன் "பரவாயில்லையே"ன்னாரு. சார், அந்த மனுசன் வாயிலேர்ந்து "பரவாயில்லையே" வர்றது சாதாரணம் இல்ல. எங்க ஹார்ட் சர்ஜனுக்கே கிடைக்காதது அது. அதோட நிறுத்தி எல்லாரும் எந்திரிச்சுப் போயிருந்தா எவ்வளவு நல்லா இருந்திருக்கும்.

அந்தம்மா பையிலேர்ந்து பட்டையை எடுத்துச்சு. துணியைப் பிரிச்சுச்சு. செருகுச்சு. விரலை வச்சுச்சு. தடவுது, தடவுது, ஒண்ணும் வரல. பிடுங்கி மறுபடி செருகுச்சு. மறுபடி தடவுது. "சார், புள்ளி எந்திரிக்கலையே"ன்னுச்சு. போன் அடிச்சுக்கிட்டிருக்கு. சேர்மன் வாட்சைப் பார்க்கிறாரு. நான் என்ன பண்ணுவேன்? "மேடம், கேபிளை ஒழுங்காச் செருகுங்க"ன்னேன். உதவிக்குத்தான் சொன்னேன். ஏ.ஓ. உடனே, "நான்தான் அப்பவே சொன்னேனே சார், கண்ணு தெரியாதவங்களுக்கு இதெல்லாம் சரிப்படாது"ன்னு சேர்மன்கிட்ட ஆரம்பிச்சிட்டாரு.

அப்பத்தான் அந்தப் பொண்ணு வருது. யாரையும் கேக்கல. என்னையும் பார்க்கல. ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு ஜெசிந்தா பக்கத்துல உக்காந்துக்குச்சு. "மெஷின்ல ஒரு சின்னக் கோளாறு சார், அதுவரைக்கும் நான் ஸ்க்ரீனைப் படிச்சுச் சொல்றேன், அக்கா வேலையைப் பார்க்கட்டும்"னு சேர்மன்கிட்டயே சொல்லுது. சேர்மன்கிட்ட! நானே அவர்கிட்டப் பேசணும்னா ஏ.ஓ. வழியாத்தான் பேசுவேன். அப்புறம் அந்தம்மா காதுல ஓத ஆரம்பிச்சிடுச்சு. உசிலம்பட்டியிலேர்ந்து கூப்பிடுறாங்க, எலும்பு வார்டு ட்யூட்டியில இன்னார்னு. அந்தம்மா தலையை ஆட்டிக்கிட்டு லைன் குடுக்குது.

அந்த உசிலம்பட்டி ஆளு ஒரே அழுகை. தம்பியை ஆக்சிடன்டுல கொண்டு வந்து சேர்த்திருக்காங்களாம், இருக்கானா இல்லையான்னு சொல்லுங்கம்மான்னு கத்துறான். ஜெசிந்தா, "அண்ணே, லைன்லயே இருங்க, நான் விட மாட்டேன்"னு சொல்லிட்டு, எமர்ஜென்சி, ஆபரேஷன் தியேட்டர்னு ஒவ்வொரு இடமாக் கேட்டு, "தம்பி இருக்காருண்ணே, காலுல ஆபரேஷன் நடக்குது, பதறாம வாங்க"ன்னுச்சு. அதோட விட்டுச்சா? "எதாவது சாப்பிட்டுட்டு பஸ் ஏறுங்க"ன்னு வேற. இதெல்லாம் ஆபரேட்டர் வேலையா சார்? லைனை மாத்தி விட்டமா, அடுத்ததை எடுத்தமான்னு இருக்கணும். சேர்மன் என்னடான்னா கண்ணாடியைக் கழட்டித் துடைக்கிறாரு.

டீ வந்துச்சு. சேர்மனையும் ஏ.ஓ.வையும் கூட்டிட்டு வராந்தாவுக்குப் போயி, நான் மெஷின் வேகத்தைப் பத்தி விளக்கிக்கிட்டிருந்தேன். திரும்பி வந்து பார்த்தா, ஸ்க்ரீன்ல வரி வரியா ஓடுது. என்னோட கர்னல்ல வரியே ஓடாது சார், பளிச்சுன்னு வந்துடும். இது ஓடுது, ஓடுது, ஜாய்ஸ்டிக்குங்குது, டிவி கார்டுங்குது, உலகத்துல இருக்கிற அத்தனை சாமானையும் பேர் சொல்லிக் கூப்பிடுது. எனக்கு உடம்பெல்லாம் எரியுது. என்ன பண்ணியிருக்கா தெரியுமா? ஞாயித்துக்கிழமை சாயங்காலம் நான் போனதும், எல்லாத்தையும் உள்ள வச்சு ஒரு கர்னலைத் தன் மெஷின்ல கட்டி வச்சிருக்கா. நாங்க டீ குடிக்கிற கேப்புல அதைக் கொண்டாந்து எக்ஸ்சேஞ்சு மெஷின்ல ஏத்திட்டா. என்னைக் கேக்கல. கையெழுத்து வாங்கல. ஆஸ்பத்திரி மெஷின் சார் அது! உங்க கம்பெனியில இப்படிச் செஞ்சா விடுவீங்களா?

ஒருவழியா மெஷின் வந்துச்சு. ஜெசிந்தா பட்டையில விரலை வச்சுச்சு. "வந்துடுச்சு!"ன்னு ஒரு சத்தம் போட்டுச்சு பாருங்க, பக்கத்து மருந்துக்கடையிலேர்ந்து எட்டிப் பார்த்தாய்ங்க. சிரிக்குது. சிரிச்சுக்கிட்டே, "நீ எந்திரிச்சுப் போடி, இனி நான் பார்த்துக்கிறேன்"னு கார்குழலியை விரட்டுது. அதுக்கப்புறம் அந்தம்மா லைன் குடுத்த வேகம் இருக்கே, அதைக் குறை சொல்ல முடியாது. சேர்மன் தன் விரலை வேற அந்தப் பட்டையில வச்சுப் பார்த்தாரு. சின்னப்புள்ள மாதிரி, "இதுல என்ன எழுதியிருக்கும்மா?"ன்னு கேக்கிறாரு. "பிரசவ வார்டுன்னு எழுதியிருக்குங்கய்யா"ன்னுச்சு. மெட்ராஸ் கம்பெனியெல்லாம் வேணாம்னு அங்கயே சொல்லிட்டாரு. ஜெசிந்தாவுக்கு வேலை நிரந்தரம். என்னோட வேகத்தைப் பத்தி ஒரு பேச்சு? ம்ஹூம்.

இருங்க, இன்னும் இருக்கு. எந்திரிச்சுப் போகும்போது சேர்மன் கேட்டாரு, மொதல்ல ஏன்மா வேலை செய்யலைன்னு. அந்தப் பொண்ணு என்ன சொன்னுச்சு தெரியுமா? "எங்க வேலையில ஒரு குறை இருந்துச்சு சார். சரி பண்ணிட்டோம்." எங்க வேலையிலயாம்! எங்க! என்னையும் சேர்த்து இழுத்து விட்டுடுச்சு பார்த்தீங்களா? நான் என்ன குறை வச்சேன்? மெஷின் என்ன சொன்னுச்சோ அதைச் செஞ்சேன். அன்னைக்குப் பட்டை இல்ல, அதனால டிரைவர் இல்ல. பட்டையை வீட்டுக்குத் தூக்கிட்டுப் போனது யாரு? நானா?

அதுக்கப்புறம் அதுக்குக் கொம்பு முளைச்சிடுச்சு. மாடி மாடியாப் போயி எல்லார்கிட்டயும், "அக்கா நீங்க என்ன செருகுவீங்க, அண்ணே நீங்க என்ன செருகுவீங்க"ன்னு விசாரிச்சுச்சு. பிசியோதெரபியில ஏதோ காலால அமுக்குற சுவிட்சு, கையில்லாத ஒரு ஆளு வருவாராம், அவருக்கு. ரத்த வங்கியில ஒரு ஓட்டை ஸ்கேனர். பிணவறையில பேர் ஒட்டுற பிரிண்டர்! சார், பிணவறையில! அதைத் தினமும் போடக்கூட மாட்டான், தேவைப்படுறப்ப அலமாரியிலேர்ந்து எடுப்பான். அதுக்கெல்லாம் டிரைவரைச் சேர்த்துக்கிட்டு வருது. "ஏம்மா, அவங்களுக்கு என்னம்மா அவசரம்"னேன். "அவங்களுக்கு இல்ல சார், வெளியில நிக்கிறவங்களுக்கு"ன்னுச்சு. எல்லாத்துக்கும் ஒரு பதில் வச்சிருக்கும். அதுதான் எனக்குப் பிடிக்காது.

நான் ரிப்போர்ட் எழுதினேன். உண்மையைத்தான் எழுதினேன். மேலதிகாரி உத்தரவு இல்லாம ஆஸ்பத்திரி மெஷின்ல கை வச்சாள்னு. ஏ.ஓ.வுக்கு அது போதுமே, சேர்மன் முன்னாடி மூக்கு உடைஞ்ச கடுப்புல இருந்தாரு. காண்ட்ராக்ட் முடிஞ்சதும் புதுப்பிக்கல. போறப்ப வந்து நின்னு, "நிறையக் கத்துக்கிட்டேன் சார்"ன்னுச்சு. குத்திக் காட்டுதா, நிஜமாச் சொல்லுதான்னு இன்னைக்கு வரைக்கும் எனக்கு விளங்கல. ஜெசிந்தா இப்பவும் எனக்கு லைன் குடுக்கும். முன்னாடி "வணக்கம் தனுஷ்கோடி சார், டிபன் ஆச்சா"ன்னு கேக்கும். இப்ப "லைன்ல இருங்க". அவ்வளவுதான். இதுக்கும் நான்தான் காரணமா?

இப்ப இந்த ரூம்ல ரெண்டு பசங்க இருக்காய்ங்க. தங்கமான பசங்க. நான் என்ன சொன்னாலும் சரி சார். கெழக்கைக் காட்டி மேற்குன்னு சொன்னாலும் சரி சார். ஒரு பேச்சு கிடையாது. நாள் முழுக்க ஒரு சத்தம் இருக்காது இங்க. ரொம்ப நிம்மதியா இருக்கு.

என்ன சார் சிரிக்கிறீங்க? நான் சொன்னது வேடிக்கையாவா இருக்கு? சொல்லுங்க, இப்படிப்பட்ட பொண்ணை எவனாவது வேலைக்கு எடுப்பானா?

என்னது?

அவளா அப்படிச் சொன்னா? இன்டர்வியூல? "தப்பு என்மேலதான், அனுமதி வாங்காம ஒரு வேலை செஞ்சேன், சார் ரிப்போர்ட் எழுதுனது நியாயம்"னா? என்ன வேலைன்னு கேட்டதுக்குச் சொல்லவே இல்லையா? "சாரையே கேட்டுக்கங்க, அவர் கோவக்காரரு, ஆனா நடந்ததை மாத்திச் சொல்ல மாட்டாரு"ன்னா?

அதுக்காகத்தான் வந்தீங்களா? அந்தத் தப்பு என்னன்னு தெரிஞ்சுக்க? தெரிஞ்சாத்தான் எடுக்கிறதா வேணாமான்னு முடிவு பண்ண முடியும்னு?

இப்பத் தெரிஞ்சிடுச்சு. ஓகோ.

அப்ப எடுக்கப்போறீங்க. நான் இவ்வளவு சொன்னதுக்கு அப்புறமும். நான் சொன்னதாலதானா? நல்லாருக்கு சார். நல்லாருக்கு. எடுத்துக்கங்க. உங்க டிக்கெட் மெஷின்ல ஜாய்ஸ்டிக் முளைக்கிறப்ப என்னை நினைச்சுப்பீங்க.

என்ன? இப்ப இங்க எந்தக் கர்னல் ஓடுதுன்னா? அது எதுக்கு உங்களுக்கு? பழைய பில்டிங்ல அவ போட்டதுதான் ஓடுது. மாத்த நேரம் இல்ல, விட்டு வச்சிருக்கேன். நடுவுல நின்னுபோகுதான்னா? நிக்கல. இதுவரைக்கும் நிக்கல. புது பில்டிங் ஒண்ணு கட்டியிருக்கோம்ல, அங்க எல்லாம் நான் போட்டது. சுத்தமா, நான் நினைச்ச மாதிரி. அந்தப் பசங்களும் "சூப்பர் சார்"ன்னாய்ங்க.

ஓடுதான்னா? ஓடுது. பெரும்பாலும் ஓடுது.

சார், ஒரு நிமிஷம். கதவைச் சாத்திட்டு உக்காருங்க. உங்ககிட்ட அவ நம்பர் இருக்குமே. இல்ல, எனக்கு வேணாம், நீங்களே பேசுங்க. புது பில்டிங்ல பச்சப்புள்ளைங்க வார்டு மெஷின் நேத்துலேர்ந்து எந்திரிக்க மாட்டேங்குது. பாதியில வந்து அப்படியே நின்னுடுது. புள்ளைங்க ரிப்போர்ட்டெல்லாம் நர்சம்மாக்கள் கையால எழுதிக்கிட்டு மாடிக்கும் கீழுக்கும் ஓடுறாங்க. எதுக்கோ வேணாம்னு போட்டிருக்கேன். ஆயிரக்கணக்குல கேட்டுச்சே சார், எதுக்குப் போட்டேன்னு எப்படித் தெரியும்? அந்தப் பசங்களைக் கேட்டா, "நீங்க சொன்னா சரியாத்தான் சார் இருக்கும்"ங்கிறாய்ங்க. மூதேவிங்க. அந்த வார்டுக்கு என்னென்ன போடணும்னு அவகிட்டக் கேளுங்க. நான் கேட்டேன்னு சொல்லாதீங்க. உங்க கம்பெனியில ஒரு சந்தேகம்னு கேளுங்க.

அவளுக்குத் தெரிஞ்சிடும்தான். நீங்க வாயைத் திறந்ததுமே தெரிஞ்சிடும். தெரிஞ்சா என்ன, தெரிஞ்சாலும் சொல்லுவா சார். அவளைப் பத்தி எனக்குத் தெரியாதா?